ஓடும் வண்டியை எப்போது நோண்டலாம்?

கைபேசியை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் அப்டேட் முடிந்துவிட்டதாக ஒரு செய்தி காத்திருக்கிறது. யாரும் யோசிப்பதில்லை, யாரும் அஞ்சுவதில்லை. ஆனால் ஒரு வங்கியின் கணக்குகளையோ மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளையோ சுமந்து நிற்கும் சர்வரின் கதை வேறு. அதற்குள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஃபர்ம்வேர் ஓடிக்கொண்டிருப்பது சாதாரணம். புதிய பதிப்பு வந்து மாதங்கள் ஆகியிருக்கும். சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கும் அது தெரியும். ஆனாலும் தொடமாட்டார். ஏன் என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஓடுற வண்டியை எதுக்கு நோண்டணும்?"

அந்தப் பதிலுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: தொடாத பொருள் மாறாது என்பது. இரும்பு துருப்பிடிக்கும், ரப்பர் தேயும். எழுதி வைத்த நிரலோ தேய்வதில்லை. அப்படியானால் யாரும் கைவைக்காத ஒரு கருவி, நேற்று வரை பிசகின்றி ஓடியது, தன் நிரலின் பிழையால் இன்று திடீரெனச் சாக முடியுமா? முடியும். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் அளவுக்குத் துல்லியமாகவும் சாக முடியும். எப்போது அப்டேட் செய்வது என்ற கேள்வியின் முழு எடையும் அங்கேதான் விளங்குகிறது.

ஒரு பெட்டிக்குள் பல கணினிகள்

சர்வர் என்பது பார்வைக்கு ஒரே பெட்டி. உள்ளே இருப்பதோ பல குட்டிக் கணினிகளின் கூட்டுக்குடும்பம். தகவலைச் சேமிக்கும் ஒவ்வொரு வட்டுக்கும் சொந்தமாக ஒரு செயலி உண்டு. நெட்வொர்க் கார்டுக்கு ஒன்று, வட்டுகளை ஒருங்கிணைக்கும் கன்ட்ரோலருக்கு ஒன்று. பெட்டி அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து தொலைவிலிருந்து வரும் கட்டளைகளைக் கேட்கும் மேலாண்மைச் சில்லுக்கு இன்னொன்று. மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பவர் சப்ளையிலும் சில வேளை ஒன்று இருக்கும்.

இந்தக் குட்டிக் கணினிகள் ஒவ்வொன்றிலும், அதன் சில்லுக்குள்ளேயே நிலையாக எழுதப்பட்டிருக்கும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நிற்கும் இதைத் தமிழில் நிலைப்பொருள் எனலாம். பெட்டியை இயக்கியவுடன் முதலில் ஓடும் பயாஸும் ஒரு நிலைப்பொருள்தான்.

டிரைவர் இதிலிருந்து வேறு. அது லினக்ஸ், விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் பக்கம் இருக்கும் துபாஷி. "இந்தக் கோப்பைச் சேமி" என்று இயங்குதளம் பொதுவாகச் சொல்வதை, குறிப்பிட்ட கன்ட்ரோலருக்குப் புரியும் பேச்சாக அது மாற்றித் தருகிறது. ஃபர்ம்வேர் கருவிக்குள் இருக்கிறது. டிரைவர் கருவிக்கு வெளியே நின்று அதனோடு பேசுகிறது. இந்த இரண்டில் எது பிசகினாலும் மேலே ஓடும் எந்த மென்பொருளும் தப்பாது.

32,768 ஆவது மணி

2019 நவம்பரில் எச்பிஇ எனப்படும் ஹ்யூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு விடுத்தது. அது விற்ற சில வகை எஸ்எஸ்டி வட்டுகள், ஓடத் தொடங்கிய 32,768 ஆவது மணி நேரத்தில் செயலிழந்துவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். அதன்பின் வட்டையும் மீட்க முடியாது, அதிலிருந்த தகவலையும் மீட்க முடியாது. பரிகாரம் எச்பிடி8 என்ற புதிய ஃபர்ம்வேர்.

ஏன் 32,768? பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டியை நினைத்துக்கொண்டால் விளங்கும். ஐந்து இலக்கம் மட்டுமே கொண்ட காட்டி 99,999 ஐத் தொட்டபின் அடுத்த கிலோமீட்டரில் 00000 க்குத் திரும்பிவிடும். வண்டி புதிதாகிவிடவில்லை, காட்டியில் இடம் தீர்ந்துவிட்டது. கணினிக்குள் எண்கள் பத்துப் பத்தாகச் செல்வதில்லை. அணைவதும் எரிவதுமான சுவிட்சுகளின் வரிசையாக நிற்கின்றன. வழக்கமான ஒரு சிறிய காட்டியில் 16 சுவிட்சுகள் இருக்கும். அதில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 15. ஒன்றில் தொடங்கி 2, 4, 8 என்று 15 முறை இரட்டித்தால் வருவது 32,768. ஆகவே இந்தக் காட்டி 0 முதல் 32,767 வரை எண்ணும். அடுத்த மணி அடித்ததும் குறிக்கான சுவிட்ச் புரண்டு, வட்டின் வயது கழித்தல் 32,768 என்று காட்டும். கழித்தல் வயதுள்ள வட்டை எப்படிக் கையாள்வது என்று நிரலை எழுதியவர் யோசித்திருக்கமாட்டார். அந்த எண்ணைப் பார்த்ததுமே பொறியாளர்கள் பலர் ஊகித்த காரணம் இதுதான்.

2020 மார்ச்சில் இன்னோர் அறிவிப்பு வந்தது. இம்முறை வேறு வகை வட்டுகள், எண்ணும் வேறு: 40,000 மணி. அதாவது 4 ஆண்டு, 206 நாள், 16 மணி நேரம். 40,000 என்பது இரட்டித்து வரும் எண் அல்ல. எனவே எண்ணைப் பார்த்து மட்டும் காரணத்தை ஊகிக்க வழியில்லை. பிழைகள் எல்லாம் வாசலில் அறிவிப்புப் பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை.

ஒன்றுக்கொன்று துணை, ஒன்றாகவே சாவு

ஒரு வட்டு செத்தால் என்ன, சர்வரில் மாற்று ஏற்பாடு இருக்குமே என்று தோன்றலாம். உண்மைதான். ரெய்டு என்ற அமைப்பில் பல வட்டுகள் ஒரே தகவலைப் பகிர்ந்து சுமக்கின்றன. ரெய்டு 5 என்ற வகையில் ஒரு வட்டு போனாலும், ரெய்டு 6 என்ற வகையில் இரண்டு போனாலும், மீதமுள்ளவை இழந்ததைக் கணக்கிட்டு நிரப்பிவிடும்.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது: வட்டுகள் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு காரணத்தால் சாகும் என்பது. புதிய சர்வரில் எட்டு வட்டுகளையும் ஒரே நாளில் மாட்டி ஒரே பொத்தானை அழுத்தி ஓடவிடுகிறார்கள். எட்டுக்கும் ஒரே ஜாதகம். 32,768 ஆவது மணி எட்டுக்கும் ஒன்றாக வரும். பக்கத்திலேயே துணைக்கு நிற்கும் இரண்டாவது சர்வரையும் அதே நாளில் தொடங்கியிருந்தால் அதுவும் சேர்ந்தே விழும். தேய்மானத்தால் வரும் சாவைத் தாங்கக் கட்டிய அமைப்புக்கு, நிரல் குறித்த சாவைத் தாங்கத் தெரியாது.

ஒரு கணக்கு, ஒரு முடிவு

ஓர் அலுவலகத்தில் இரண்டு சர்வர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று வேலை செய்யும், மற்றது துணைக்கு நிற்கும். இரண்டிலும் 32,768 ஆவது மணியில் சாகும் அந்த வகை வட்டுகள் உள்ளன. இரண்டும் 2017 ஜனவரி 2, திங்கட்கிழமை காலை 10 மணிக்கு ஓடத் தொடங்கின. எச்பிஇ அறிவிப்பை நிர்வாகி 2019 நவம்பர் 25, காலை 10 மணிக்குப் படிக்கிறார்.

அவர் செய்யும் முதல் வேலை அப்டேட் அல்ல. வட்டிடமே வயதைக் கேட்பது. ஒவ்வொரு வட்டும் தான் ஓடிய மணிகளைத் தானே எண்ணி வைத்திருக்கிறது. ஒரு வரிக் கட்டளையில் அது திரையில் வந்துவிடும். இங்கே வரும் எண் 25,368. மரண எண்ணிலிருந்து இதைக் கழித்தால் மீதி 7,400 மணி. அதாவது 308 நாள், 8 மணி நேரம். சாவுநாள் 2020 செப்டம்பர் 28, திங்கட்கிழமை மாலை 6 மணி.

இனி முடிவு. இன்றிரவே அப்டேட் செய்துவிடலாமா? புதிய ஃபர்ம்வேர் வெளிவந்து சில நாட்களே ஆகியிருக்கின்றன. அதற்குள் வேறொரு பிழை இருந்தால், இன்னும் பத்து மாதம் நன்றாக ஓடியிருக்கக்கூடிய வட்டுகளை இன்றே கெடுத்த கணக்காகும். சரி, பத்து மாதமும் காத்திருக்கலாமா? அதுவும் பொருளற்றது. முதல் சில வாரங்களில் உலகெங்கும் பலர் அதைப் போட்டுப் பார்த்துவிடுவார்கள். அதன்பின் காத்திருப்பதில் கிடைக்கும் புதுத் தகவல் சொற்பம். மறந்துபோகும் ஆபத்துதான் கூடும்.

எனவே நடுவழி இப்படி அமையும். நவம்பரிலேயே முழு பேக்கப் எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளை உண்மையிலேயே மீட்டுப் பார்ப்பது. டிசம்பர் 14, சனிக்கிழமை இரவு துணைச் சர்வருக்கு மட்டும் புதிய ஃபர்ம்வேர். நான்கு வாரம் அதைக் கவனிப்பது. ஆண்டுக்கடைசிக் கணக்கெல்லாம் முடிந்தபின் ஜனவரி 11, சனிக்கிழமை இரவு, வேலையைத் துணைச் சர்வருக்கு மாற்றிவிட்டு முதன்மைச் சர்வரைத் தொடுவது. அப்போதும் கையில் 260 நாளுக்கு மேல் மீதம் இருக்கும். ஏதாவது இடறினால் திரும்பி யோசிக்க அவகாசம் உண்டு.

இதே நிர்வாகி வட்டிடம் வயது கேட்டபோது 32,600 என்று வந்திருந்தால்? மீதி 168 மணி, சரியாக ஒரு வாரம். அப்போது நான்கு வாரக் கவனிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பேக்கப் எடுத்த கையோடு ஒரு வட்டில் போட்டு ஒரு நாள் பார்த்து, மறுநாளே மற்றவற்றுக்கும் போட்டுவிட வேண்டும். அறிவிப்பும் ஃபர்ம்வேரும் அதேதான். மாறியது ஓர் எண் மட்டும்.

அவசரம் கெடுத்த ஜனவரி

எதிர்ப்பக்கக் கதையும் ஒன்று உண்டு. 2018 ஜனவரி 3 அன்று ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற இரண்டு பாதுகாப்புப் பிழைகள் உலகுக்குத் தெரிய வந்தன. செயலிச் சில்லு, அடுத்து என்ன கேட்கப்படும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலை செய்யும்போது, அதன் தடயங்களிலிருந்து பிறருடைய ரகசியங்களை ஒரு நிரல் ஒற்றறிய முடியும் என்பது அவற்றின் சாரம். இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்களின் கோடிக்கணக்கான சில்லுகள் இதில் அடங்கின.

செயலிக்குள் ஓடும் மைக்ரோகோட் என்ற நுண்நிரலுக்கு இன்டெல் திருத்தம் தந்தது. சர்வர் நிறுவனங்கள் அதைத் தங்கள் பயாஸ் அப்டேட்டில் சேர்த்து வெளியிட்டன. பலரும் உடனே போட்டார்கள். பிராட்வெல், ஹாஸ்வெல் வகைச் சில்லுகள் கொண்ட கணினிகள் காரணமின்றித் தாமாக அணைந்து எழத் தொடங்கின. ஜனவரி 22 அன்று இன்டெல்லே அந்தத் திருத்தத்தைப் போடுவதை நிறுத்தச் சொன்னது. மாதக் கடைசியில், அந்தத் திருத்தத்தின் ஒரு பகுதியை அணைத்துவைக்கத் தனியாக ஓர் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டிவந்தது.

அன்று அவசரப்பட்டவர் எல்லாரும் தவறு செய்தவர் என்று சொல்லிவிட முடியாது. ஸ்பெக்டரைப் பயன்படுத்த, தாக்குபவரின் நிரல் அதே கணினிக்குள் ஓட வேண்டும். முன்பின் தெரியாத பல வாடிக்கையாளர்களின் நிரல்கள் ஒரே பெட்டியில் ஓடும் கிளவுட் நிறுவனத்துக்கு அது வாசல்வரை வந்துவிட்ட ஆபத்து. வெளியார் நிரல் எதுவும் நுழையாத, ஒரே ஒரு தரவுத்தளத்தை மட்டும் ஓட்டும் உள் சர்வருக்கு அது தெருமுனையில் நிற்கும் ஆபத்து. முதலாமவர் அவசரப்பட நியாயம் உண்டு. இரண்டாமவர் மூன்று வாரம் பொறுத்திருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்கலாம் என்ற பழமொழி அவருக்கே பொருந்தும்.

ஜோடியாகவே மாற்ற வேண்டியவை

டிரைவரையும் ஃபர்ம்வேரையும் தனித்தனியே கருதுவதுதான் இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. நெட்வொர்க் கார்டின் டிரைவர் மட்டும் புதிதாகி, கார்டின் ஃபர்ம்வேர் பழையதாகவே இருந்தால், டிரைவர் புதிய இலக்கணத்தில் பேசும், கார்டுக்குப் பழைய இலக்கணமே தெரியும். பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். சில வேளை வேகம் குறையும். சில வேளை சுமை ஏறும்போது மட்டும் இணைப்பு அறுந்து அறுந்து சேரும். கண்டுபிடிக்கக் கடினமான கோளாறு இந்தக் கடைசி வகைதான்.

இதனால்தான் உற்பத்தியாளர்கள் எந்த டிரைவர் எந்த ஃபர்ம்வேரோடு சோதிக்கப்பட்டது என்று பொருந்துபட்டியல் வெளியிடுகிறார்கள். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான விஎம்வேருக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. எச்பிஇ தன் புரோலயண்ட் சர்வர்களுக்கான ஃபர்ம்வேர்களையும் டிரைவர்களையும் ஒன்றாகச் சோதித்து ஒரே பொதியாகத் தருகிறது. அந்தந்தப் பாகத்துக்கு இருப்பதிலேயே புதியது என்று தேடித் தேடிப் பொறுக்குவதைவிட, சேர்த்துச் சோதிக்கப்பட்ட பொதி கொஞ்சம் பழையதாக இருந்தாலும் மேலானது.

டிரைவரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பெரும்பாலான டிரைவர்கள் கர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கருவறைக்குள் ஓடுகின்றன. அங்கே ஒரு சறுக்கல் முழுக் கணினியையும் சாய்க்கும். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பை, அதன் டிரைவர் கருவறைக்குள் படித்துத் தடுமாறியது. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. கோப்பில் இருந்த பிழை சிறியது. அதைப் பெரிதாக்கியது, எல்லாக் கணினிகளுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அனுப்பியதுதான். முதலில் ஆயிரம் கணினிகளுக்கு மட்டும் போயிருந்தால் ஆயிரத்தோடு நின்றிருக்கும்.

மூன்று கேள்விகள்

புதிய பதிப்பு ஒன்று வந்ததும் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது: இது எதைத் திருத்துகிறது? ஒவ்வொரு பதிப்போடும் வரும் வெளியீட்டுக் குறிப்பில் அது எழுதியிருக்கும். டெல் நிறுவனம் தன் அப்டேட்டுகளை அவசரம், பரிந்துரை, விருப்பம் என மூன்று தரமாகப் பிரிக்கிறது. மற்றவர்களிடமும் இதையொத்த பிரிவு உண்டு. தரவு அழியும் பிழை, தொலைவிலிருந்தே நுழைய வழிவிடும் பாதுகாப்பு ஓட்டை ஆகிய இரண்டும் முதல் வரிசை. மெனுவில் ஒரு சொல்லைச் சரிசெய்தது கடைசி வரிசை.

இரண்டாவது: அந்தப் பிழை இந்தச் சர்வரைத் தொடுகிறதா? பயன்படுத்தாத ஒரு வசதியில் உள்ள பிழை பற்றிக் கவலை வேண்டாம். இணையத்துக்கு நேரே முகம் காட்டி நிற்கும் மேலாண்மைச் சில்லில் உள்ள ஓட்டை என்றால் அன்றே நடவடிக்கை வேண்டும். அந்தச் சில்லை இணையத்திலிருந்து பிரித்துத் தனி நெட்வொர்க்கில் வைப்பதும் நடவடிக்கைதான்.

மூன்றாவது: திரும்பி வர முடியுமா? டிரைவரில் பழைய பதிப்புக்குத் திரும்புவது பெரும்பாலும் எளிது. ஃபர்ம்வேரில் அப்படி இல்லை. பாதுகாப்புக் காரணமாகச் சில ஃபர்ம்வேர்கள் பழைய பதிப்பை மீண்டும் ஏற்க மறுக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாகமே கல்லாகிவிடலாம். திரும்ப முடியாத அப்டேட்டுக்குக் கூடுதல் பொறுமை தேவை.

சில வேளை இம்மூன்றையும் கேட்டபின் வரும் விடை அப்டேட்டே வேண்டாம் என்பதாகவும் இருக்கும். ஏஎம்டியின் எபிக் 7002 வரிசைச் செயலிகள், கடைசியாக மீள்தொடக்கம் செய்து ஏறத்தாழ 1,044 நாட்கள் ஆனபின், ஒரு கோர் உறக்கத்திலிருந்து எழாமல் நின்றுவிடலாம் என்று 2023 இல் தெரியவந்தது. அதற்குத் திருத்தம் தரப்போவதில்லை என்று நிறுவனமே தன் ஆவணத்தில் குறித்தது. அந்த நாள் வருமுன் ஒருமுறை சர்வரை அணைத்து எழுப்பினால் போதும், அல்லது அந்த உறக்க நிலையை முடக்கினால் போதும். ஆயிரம் நாளாக அணைக்காமல் ஓடுகிறது என்று பெருமை பேசுபவர்களுக்கு மட்டுமே வரும் நோய் அது.

நாள் குறித்தல்

அப்டேட்டுக்கு மிக நல்ல வேளை, சர்வர் வேலைக்குப் போகும் முன். தொழிற்சாலையிலிருந்து வரும் பெட்டியில் ஃபர்ம்வேர் சில மாதம் பழையதாகவே இருக்கும். தரவு ஏறாத அந்த நேரத்தில் தவறினாலும் இழப்பில்லை. அதற்கடுத்த நல்ல வேளை, இயங்குதளத்தைப் பெரிய அளவில் மாற்றும் முன். மற்றபடி ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, சோதித்த பொதி ஒன்றை எடுத்து, வேலை குறைந்த இரவில் செய்வது பல நிறுவனங்களின் வழக்கம். மாதக் கடைசி, காலாண்டு முடிவு, தேர்வு முடிவு வெளியாகும் வாரம் ஆகியவை கூடாத நாட்கள்.

அந்த இரவிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பேக்கப் எடுத்து, அது மீள்கிறதா என்று பார்ப்பது முதல் படி. பிறகு அப்டேட் எதையும் தொடாமல் சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். பல மாதம் அணையாத சர்வரில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் கோளாறு அப்போதே வெளிப்பட்டுவிடும். இல்லாவிட்டால் பழி முழுதும் புதிய ஃபர்ம்வேர் மேல் விழும். அதன்பின் பொதியின் குறிப்பு சொல்லும் வரிசையில், ஒரு சர்வரில் மட்டும் அப்டேட். சில நாள் கவனிப்பு. பிறகே மற்றவை.

எல்லாம் முடிந்தபின் எஞ்சுவது ஒரு நோட்டுப்புத்தக வேலை. எந்தப் பாகத்தில் எந்தப் பதிப்பு, எப்போது போட்டது, எதைப் போடாமல் விட்டது, ஏன் விட்டது, மறுபடி எந்தத் தேதியில் பார்ப்பது என்று எழுதிவைக்க வேண்டும். ஓடும் வண்டியை நோண்டாமல் விடுவது பல நேரம் சரியான முடிவுதான். காரணமும் தேதியும் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அது முடிவு. எழுதப்படாவிட்டால் அதற்குப் பெயர் மறதி.